அரை டிக்கெட்டுக் குடிமக்கள்

(நாகபுரியில் நிகழ்ந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் அமர்ந்து, சிற்றுண்டி எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் இளஞ்சிறார்களே!

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியங்களைக் கற்றுத் துறைபோகிய அறிஞர்கள் உரையாற்றுவது வழக்கம். இவ்வாண்டு அவ்வாய்ப்பை எமக்கு நல்கிய செயற்குழுவினர்க்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். யாம் புலவர் அல்லோம். கல்லூரி வாயிலை மிதித்தவரும் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, புகைவண்டி நிலையத்தில் பயணச் சீட்டு வழங்கும் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்து வருகின்றோம். ஆதலின், நூல்களில் கற்றதைவிடச் சீட்டுச் சாளரத்தின் வழியே கண்டதே எம்மிடம் மிகுதி. அங்ஙனம் கண்டவற்றுள் ஒன்றை முதலில் கூறி, அதனின்று எழுந்த எண்ணங்களை உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு. நாகபுரிக் குளிரை நீங்கள் அறிவீர்கள். விதர்ப்பத்தில் பருத்தி எடுக்க வந்து ஊர் திரும்பும் கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்று எம் சாளரத்தின்முன் நின்றது. தந்தை, “இரண்டு முழு டிக்கெட்டு, ஓர் அரை டிக்கெட்டு” என்று இந்தியில் கேட்டார். தாயின் இடுப்பில் கந்தல் போர்வைக்குள் இருந்த சிறுவனைப் பார்த்தோம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பது விதி. ஐந்து நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாதவர்க்கே, முன்பதிவில்லாப் பெட்டியில், அரைக் கட்டணம். “குழந்தைக்குச் சீட்டு வேண்டா, வீணாகப் பணம் கொடுக்காதீர்” என்றோம். அவரோ, “ஏழு முடிந்துவிட்டது, பாபுஜி” என்றார்.

எம் பணிக்காலத்தில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொன்ன தந்தையர் பலரைக் கண்டிருக்கின்றோம். மீசை அரும்பும் மைந்தனைப் பதினொன்று என்று கூசாமல் கூறியவர்களும் உண்டு. அவர்களுள் கார் வைத்திருப்போரும் உண்டு. ஆனால் மெய்யே உரைத்த ஓர் ஏழைத் தந்தையை அன்று யாம் நம்பவில்லை. எம் ஐயத்தைக் கண்ட அவர் பையனைக் கீழே இறக்கி நிறுத்தினார். நின்றவன் சாளரத்தின் விளிம்பிற்குக் கீழே மறைந்துபோனான். எட்டிப் பார்த்தோம். முகத்தில் ஏழு வயதின் அறிவு இருந்தது. உடலில் நான்கு வயதின் அளவே இருந்தது. எம் மகளுக்கும் அவ்வாண்டு ஏழு வயது. அவள் எம் மார்பளவு வளர்ந்திருந்தாள். அரை டிக்கெட்டைக் கொடுத்தோம். வண்டி வந்தது; போயிற்று. அன்றிரவு வீடு திரும்பி மகள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.

அன்பர்களே! அச்சிறுவனைத் தனியொருவன் என்று எண்ணிவிடாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுவதைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 100-க்கு 35.5 பேர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர். 32.1 பேர் வயதிற்கேற்ற எடை இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரையுள்ளோருள் 67.1 பேர் இரத்தச் சோகை உடையவர். இதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இரத்தச் சோகையின் அளவு 58.6 ஆகவே இருந்தது. ஏனையவை சிறிது குறைந்திருக்க, இஃது ஏறியிருக்கிறது.

உயரம் குறைந்தால் என்ன, குட்டையானவர்கள் பெரிய காரியம் செய்யவில்லையா என்று சிலர் கேட்பர். பரம்பரையால் வரும் குட்டை வேறு. பசியாலும் நோயாலும் வரும் குறுக்கம் வேறு. கருவுற்ற நாள் தொட்டுக் குழந்தையின் இரண்டாம் பிறந்த நாள் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாட்களே உடலும் மூளையும் விரைந்து வளரும் காலம் என்று மருத்துவர் கூறுகின்றனர். அந்நாட்களில் தாய்க்கு உணவில்லை, பிள்ளைக்குப் பால் போதவில்லை, குடிநீர் தூய்மையில்லை, அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால், அவ்விழப்பைப் பின்னாளில் எத்துணை ஊட்டினும் முற்றும் ஈடுசெய்வது அரிது. கட்டடத்திற்கு மேல்தளம் பிறகு போடலாம். கடைக்காலைப் பிறகு போட இயலுமோ?

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. குழந்தையைப் பேணுதல் பெற்றோர் கடனன்றோ? சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் இதில் என்ன தொழில்? மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார் என்பது மெய்யே. ஆனால் பொருளைச் சேர்ப்பதோடு அதனை முறையாகப் பங்கிடுதலும் அரசின் திறம் என்று பொருட்பாலில் உரைத்தவரும் அவரே. எம் சாளரத்தின்முன் நின்ற அத்தந்தை தம் கடனில் தவறியவர் அல்லர். பொய் சொல்லிச் சில ரூபாய் மிச்சப்படுத்தவும் மனம் வராதவர். அவர் கையில் இல்லாதது பொருளே. பொருள் வகுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களை நோக்கித்தான் நாம் பேச வேண்டும்.

இப்பேச்சு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நாம் வந்து வாழும் இம்மராட்டிய மண்ணே அதற்குத் தாயகம். 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ் புலே அவர்கள், 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் அளித்த விண்ணப்பத்தில், குறைந்தது பன்னிரண்டு வயது வரையேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். உழவனின் உழைப்பால் வரும் வரிப்பணம் உயர்ந்தோர் கல்விக்கே பெரிதும் செலவாகின்றதே என்றும் அவர் முறையிட்டார். அடுத்து, கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் 1911-இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் 13 வாக்குகள் சார்பாகவும் 38 வாக்குகள் எதிராகவும் விழ, அது தோற்றது.

பின்னர் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. இலவசத் தொடக்கக் கல்வி ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியது என்று வரைவில் இருந்த தொடர் 1948 நவம்பரில் நீக்கப்பட்டது. உரிமை என்பது அரசின் நெறி என்னும் அளவிற்குச் சுருங்கிற்று. எனினும் பதினான்கு வயது வரையான கல்வியைச் சுருக்க வந்த முயற்சிக்கு அண்ணல் அம்பேத்கர் இசையவில்லை. பதினான்கு வயதிற்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது என்று சட்டம் செய்துவிட்டு, அப்பிள்ளையைப் பள்ளியில் வைக்காவிட்டால் அவன் எங்கே இருப்பான் என்பதே அவர் வாதத்தின் சாரம். அவ்வாறு அமைந்ததுதான் 45-ஆம் பிரிவு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள், அதாவது 1960-க்குள், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அது கூறிற்று.

1960 வந்தது, போயிற்று. 2002-இல் 86-ஆம் திருத்தம் நிறைவேறி 21-அ பிரிவு பிறந்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐம்பதாண்டு காலத் தாமதம்! எம் துறையில் வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் பயணிகள் எம்மைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கின்றனர். ஐம்பதாண்டு தாமதமாக வந்த இவ்வண்டிக்கு எவரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை. வந்த வண்டியிலும் ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கே இடம் உண்டு. ஆறுக்குட்பட்ட மழலையரும் பதினான்கைக் கடந்த இளையோரும் இன்றும் நடைமேடையிலேயே நிற்கின்றனர்.

இனி, எம்மைப் பற்றிச் சிறிது கூறுவதைப் பொறுத்தருள வேண்டும். யாம் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். அன்னையார் களையெடுக்கும் கூலி. 1985-இல் அலுமினியத் தட்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்பிற்குச் சென்றோம். பாடம் கேட்கச் சென்றோம் என்று இன்று பெருமை பேசலாம், உண்மை அதுவன்று. சோற்றுக்காகவே சென்றோம். பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மாநிலமெங்கும் பரப்பத் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். அவர்களால் சத்துணவுத் திட்டமாக விரிவு பெற்றது. 1989-இல் கலைஞர் அவர்கள் ஆட்சியில் இரு வாரத்திற்கு ஒருமுறை முட்டையும் சேர்ந்தது. அம்முட்டை வரும் நாளில் எங்கள் பள்ளியில் வராதவர் எவரும் இலர். கட்சி எதுவாயினும், வந்தவர் ஒவ்வொருவரும் முந்தியவர் வைத்த தட்டில் சிறிது கூட்டி வைத்தனரேயன்றித் தட்டைப் பறிக்கவில்லை. இதனைத்தான் சட்டம் செய்வோர்க்கு முன்மாதிரியாகக் காட்ட விழைகின்றோம்.

அச்சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. எம் படிப்பும் அத்தோடு முடிந்தது. மேல்வகுப்பில் சேர மதிப்பெண் இருந்தது. வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஒரு திட்டம் எவ்விடத்தில் நிற்கிறதோ அவ்விடத்திலேயே ஏழைப் பிள்ளையும் நின்றுவிடுகிறான் என்பதற்கு யாமே சான்று என்று சொல்லவே கூறினோம்.

தமிழகத்தில் வேரூன்றிய அவ்வழக்கம் நாடெங்கும் பரவியது எவ்வாறு? 1995 ஆகஸ்டு 15-இல் மத்திய அரசு ஆதரவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆனால் பல மாநிலங்களில் சமைத்த சோற்றுக்கு மாறாகத் தானியமே அளக்கப்பட்டது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவே தரவேண்டும் என்று ஆணையிட்ட பின்னரே பிற மாநிலத்துக் குழந்தைகள் பலர் பள்ளியில் சூடான சோற்றைக் கண்டனர். 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையாக்கிற்று. தமிழகமோ 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவையும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரித்தது. பிறந்த மண்ணை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆயினும் நம் அடுத்த வீட்டு மராட்டியக் குழந்தையும் கோண்டுக் குழந்தையும் பசித்திருக்க, நாம் மட்டும் பெருமிதம் கொள்வது அழகன்று.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். எழுத்தர் பேச்சில் கணக்கு இல்லாமல் இராது. 2008-09 முதல் மத்திய அரசு தன் வரவு செலவுத் திட்டத்தோடு குழந்தைகளுக்கான ஒதுக்கீடுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டு வருகிறது. நல்ல வழக்கம். அவ்வறிக்கையைக் கொண்டு பார்த்தால், 2021-22 முதல் 2024-25 வரை எவ்வாண்டிலும், மத்திய அரசு செலவிடக் கருதிய 100 ரூபாயில் குழந்தைகளுக்கென 3 ரூபாயைக்கூட எட்டவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, பதினான்கு வயது வரையுள்ளோரே 100-க்கு ஏறத்தாழ 31 பேர். கல்விக்கும் மருத்துவத்திற்கும் மாநில அரசுகளே பெரும்பொருள் செலவிடுகின்றன என்பதையும், சாலையும் குடிநீரும் குழந்தைக்கும் பயன்படும் என்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வீட்டில் மூன்றிலொரு பங்கினர் குழந்தைகளாக இருக்க, வீட்டுத் தலைவர் தம் சம்பளத்தில் அவர்கள் பெயரால் 100-க்கு 3 ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை என்றால் உற்றார் என்ன சொல்வர்?

அங்கன்வாடியை நோக்குவோம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணி 1975 அக்டோபர் 2-இல், காந்தியடிகள் பிறந்த நாளில், 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 13 இலட்சத்திற்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆகும் உணவுச் செலவு, 2012-இல் 6 ரூபாய் என்றும் 2017-இல் 8 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டது. பள்ளிச் சத்துணவில், தானியம் நீங்கலாக, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவர்க்கு நாளொன்றுக்குப் பொருட்செலவு 2025 மே மாதத்தில் 6 ரூபாய் 78 காசு என வகுக்கப்பட்டது. நிலைய வாயிலில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்த 10 ரூபாய் வேண்டும்.

யாம் மத்திய அரசு ஊழியர். விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என ஆண்டில் இருமுறை எமக்கு அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. பருப்பு விலை ஏறினால் எம் சம்பளமும் சிறிது ஏறும். அதே பருப்பைத்தானே அங்கன்வாடிக் குழந்தையும் உண்ணுகிறது? எமக்குச் சங்கம் உண்டு, கொடி உண்டு, வேலை நிறுத்தம் என்னும் கருவியும் உண்டு. அக்குழந்தைக்கு எதுவும் இல்லை. ஆகவே எமக்குத் தானாக வரும் படி, அதன் தட்டிற்கு யாரேனும் இரங்கிக் கையெழுத்திட்டாலன்றி வருவதில்லை. எம் படியை ஒழிக்குமாறு யாம் கேட்கவில்லை. எம் மனைவியார் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கின்றார். குழந்தையின் தட்டிற்கும் ஆண்டுதோறும் தானாக ஏறும் அகவிலைப்படி வேண்டும் என்றே கேட்கின்றோம்.

பணம் போட்டால் மட்டும் பயன் விளையுமோ என்பர் சிலர். விளைந்ததற்குச் சான்று நம் நகருக்கு அண்மையிலேயே உண்டு. நாகபுரிக்குத் தென்கிழக்கே காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் கணவன் மனைவியர், சிற்றூர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீட்டிலேயே பச்சிளங் குழந்தையைப் பேணும் முறையை வகுத்தனர். அவ்வூர்களில் பிறந்த ஒரு மாதத்திற்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், ஒப்புநோக்கிய பிற ஊர்களைவிட மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு குறைந்தது. 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அம்முடிவு வெளியாயிற்று. பெரிய மருத்துவமனை எழுப்பியன்று. அவ்வூர்ப் பெண்ணின் கையை நம்பிச் சாதித்தது. 2011-இல் மத்திய அரசு ஆஷாப் பணியாளர் வாயிலாக இம்முறையை நாடு முழுதிற்கும் ஏற்றது.

இன்னொரு சான்று. மேல்காட் மலைப்பகுதியில் கொற்கு இனக் குழந்தைகள் மடியும் செய்தி நாளேடுகளில் வந்து பலர் மனத்தை உலுக்கிற்று. 2005-இல் மகாராட்டிர அரசு தாய்சேய் ஊட்டத்திற்கெனத் தனி இயக்கம் கண்டது. 2005-06-இல் இம்மாநிலத்தில் இரண்டு வயதிற்குட்பட்டோருள் 100-க்கு 39 பேர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். 2012-இல் எடுத்த கணக்கில் அது 23 ஆகக் குறைந்திருந்தது. அரசு முனைந்தால் ஏழாண்டில் முடிகிறது. முனைப்புத் தளர்ந்தால் மீண்டும் சரிகிறது. ஆதலால் ஓர் ஆண்டு முழக்கமாக இல்லாமல், ஆண்டுதோறும் தொடரும் கடமையாக இது சட்டத்தில் அமைதல் வேண்டும்.

புலம்பெயர்ந்த நமக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. யாம் முன்பு வேறொரு நிலையத்தில் பணிபுரிந்தபோது, நள்ளிரவில் காவலர் ஒருவர் வந்து, “உங்கள் மொழி பேசும் பையன் போலத் தெரிகிறது, வந்து கேளுங்கள்” என்று அழைத்துச் சென்றார். நடைமேடை முடிவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். இந்தியில் கேட்டவற்றிற்கெல்லாம் வாய் திறவாதிருந்தவன். “தம்பி, சாப்பிட்டாயா?” என்றோம். அவ்வொரு சொல்லில் உடைந்து அழுதான். மதுரைக்கு மேற்கேயுள்ள ஊர். தந்தை வாங்கிய முன்பணத்திற்காக, வடக்கே ஒரு முறுக்குப் பட்டறையில் விடப்பட்டிருந்தான். விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய்ச் சட்டியின்முன் அமர்ந்தால் இரவு பத்தாகும். இரு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுபோயிற்றாம். “ஊருக்குப் போகணும் மாமா” என்பதைத் தவிர வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

ஊருக்குப் போக அவனுக்கு 47 நாள் ஆயிற்று. இரண்டு இரவுப் பயணம்! வழித்துணைக்கு ஆளில்லை, ஆள் கிடைத்தபோது பயணப்படிக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை, பணம் வந்தபோது மொழி அறிந்தவர் இல்லை. எவரும் கொடியவர் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் கோப்பில் சரியாகவே எழுதினர். குழந்தைக்காக எழுதிய சட்டம் இருந்தது. அதை நடத்துவதற்கான பொருள்தான் இல்லை. சட்டம் தண்டவாளம் போன்றது. நிதியோ நிலக்கரி போன்றது. தண்டவாளத்தை மட்டும் போட்டுவிட்டு வண்டி ஓடவில்லையே என்று வியப்பதில் பயனில்லை. 2015 முதல் ரயில் நிலையங்களில் தனித்து வரும் குழந்தைகளைக் காப்பதற்கென முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. 1098 என்னும் உதவி எண்ணும் உண்டு. இங்குள்ள ஒவ்வொருவரும் அதனை நினைவில் கொள்ள வேண்டுகின்றோம்.

பெரியோர்களே! 1953-ஆம் ஆண்டின் நாகபுரி உடன்பாட்டின்படி மகாராட்டிரச் சட்டமன்றம் குளிர்காலத்தில் நம் நகரிலே கூடுவது வழக்கம். அந்நாட்களில் நகர்ச் சாலைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். உழவர் ஊர்வலம், ஆசிரியர் ஊர்வலம், அங்கன்வாடி ஊழியர் ஊர்வலம் என்று நாள்தோறும் வரும். அவரவர் குறையை அவரவர் முறையிடுவது நேரியதே. ஆனால் மூன்று வயதுக் குழந்தைகளின் ஊர்வலம் ஒன்றை எவரேனும் கண்டதுண்டோ? அவர்களுக்கு வாக்கு இல்லை. பதினெட்டு வரை காத்திருக்க வேண்டும். பசியோ காத்திராது. ஆகவே அவர்கள் பொருட்டு நாம் செல்ல வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் கட்சி வேறுபாடின்றி நாம் வைக்க வேண்டிய வேண்டுகோள்கள் ஐந்து.

முதலாவது, அங்கன்வாடி உணவிற்கும் பள்ளி உணவிற்குமான தொகையை விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்து, ஆண்டுதோறும் தானாக உயரச் சட்டம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கல்வி உரிமையை மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரை நீட்ட வேண்டும். பள்ளி உணவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர வேண்டும்.

மூன்றாவது, அங்கன்வாடிப் பணியாளரை முழு ஊழியராக ஏற்க வேண்டும். அவர்களுக்கு மத்திய அரசின் பங்கான மதிப்பூதியம் 2018-இல்தான் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆயிற்று. நாட்டின் மூளை வளரும் வயதைக் காக்கும் கைக்குச் சம்பளம் என்ற பெயரும் இல்லை.

நான்காவது, பிழைப்புத் தேடி இடம்பெயர்வோரின் குழந்தைகள். பீட் மாவட்டத்தினின்று கரும்பு வெட்டச் செல்வோர், விதர்ப்பத்திற்குப் பருத்தி எடுக்க வருவோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குச் சென்ற ஊரிலேயே அங்கன்வாடியும் பள்ளியும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதியை வேண்டுகிறது. அதற்கும் பொருள் ஒதுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவாயிற்று, எத்தனை குழந்தைகள் எடை ஏறினர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைத்து, ஒரு நாளேனும் முழுமையாக அதனை விவாதிக்க வேண்டும். எம் அலுவலகத்தில் இரவு பணி முடிக்கும்போது சீட்டுக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் எம் கைப்பணத்தைக் கட்ட வேண்டும். நாட்டின் கணக்கில் குழந்தைகள் குறையும்போது யார் கட்டுகின்றனர்?

இறுதியாக ஒன்று. பிறர்க்குச் சொல்லுமுன் நம் வீட்டையும் நோக்குதல் முறை. இவ்விழாவிற்கான வரவு செலவுப் பட்டியலைச் செயற்குழுவில் படித்தபோது, மேடை அலங்காரம், பொன்னாடை, விருந்து என்பன முன்னே நின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான கரும்பலகையும் பாடநூலும் கடைசி வரியில், “எஞ்சினால்” என்னும் குறிப்போடு நின்றன. அப்பட்டியலில் ஒப்பமிட்டவர்களுள் யாமும் ஒருவர். அன்று எமக்கு அது உறுத்தவில்லை. இவ்வுரையை எழுத அமர்ந்தபோதுதான் உறுத்திற்று. சட்டமன்றத்தாரும் எம்மைப் போன்றவர்களே. தீய எண்ணத்தால் அன்று, கடைசி வரியில் எழுதிப் பழகிவிட்டதால் அவ்வாறு செய்கின்றனர். ஆகவே அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதல் வரி பிள்ளைகளுடையதாக இருக்கட்டும் என்று இப்பேரவையில் முன்மொழிகின்றோம். பொன்னாடை எஞ்சினால் போர்த்துவோம். மேற்கண்ட ஐந்து வேண்டுகோள்களையும் தமிழிலும் மராட்டியிலும் எழுதி, அனைவரும் ஒப்பமிட்டு, நம் தொகுதி உறுப்பினர்களிடம் நேரில் கொடுக்கவும் இச்சங்கம் முன்வர வேண்டுகின்றோம். மராட்டியில் எழுதித்தர நம் அண்டை வீட்டார் மனமுவந்து உதவுவர்.

சாளரத்தின் விளிம்பிற்குக் கீழே மறைந்துபோன அச்சிறுவன் இப்பொழுது எங்கிருக்கிறானோ, அறியோம். எங்கிருப்பினும் சில ஆண்டுகளில் அவனும் வாக்களிக்கும் வயதை எய்துவான். அந்நாளில் முழு டிக்கெட்டு வாங்கும் குடிமகனாகிய அவன், “எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று நம்மைக் கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் ஒரு விடை இருக்க வேண்டும். அவ்விடையைத் தேடும் வேலையை இன்றே தொடங்குவோம்.

பின்வரிசைச் சிறார்களே! உங்கள் சிற்றுண்டி வந்துவிட்டது. முதலில் நீங்கள் உண்ணுங்கள், நாங்கள் பிறகு வருகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க இளஞ்சிறார்!